தள்ளி நின்னு எடு

இதை ஒழுங்காகச் சொல்லுவேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள் நான். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன். ஒரு சொல் மாறினாலும் யாருக்காவது கெட்ட பேர் வந்துவிடும். அதனால் ஆட்களின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என் மகள் கோகிலவாணிக்கு நைனார்பாளையம் மண்டபத்தில் நிச்சயதார்த்தம். கல்வராயன் மலைப் பக்கம் மேகம் மூடிக்கொண்டு, பட்டப்பகலில் மண்டபம் இருட்டாகக் கிடந்தது. எல்லாரும் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அந்த இருட்டு நிம்மதியாக இருந்தது.

காரணம், அவள் கழுத்தில் கிடந்த ஆரம். அது கவரிங்.

நிஜ ஆரம் அடகில் இருந்தது. அந்தப் பணத்தில் மரவள்ளிக் காட்டில் என் வீட்டுக்காரர் போட்ட போர்வெல்லில் தண்ணிக்குப் பதில் புழுதிதான் வந்தது. கல்யாணத்துக்குள் மீட்டுவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் மூச்சு விடவில்லை. ஆரத்தைச் சொல்லித்தான் சம்பந்தமே பேசியிருந்தோம்.

கவரிங் கறுத்துவிடக் கூடாதென்று, நிறமில்லாத நெயில் பாலிஷை அதன்மேல் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அடித்து வைத்திருந்தேன். வெறும் கண்ணுக்குத் தங்கமேதான்.

போட்டோக்காரப் பையன் பகலவன் வந்தான். கையில் புதுக் கேமரா.

"இருட்டா கீதே தம்பி, படம் வுழுமா?" என்று கேட்டேன். விழாது என்று சொல்ல மாட்டானா என்றிருந்தது.

"இது ஃபுல் ஃப்ரேம் அத்தை. உங்க வூட்டு விசேஷம்தான் மொத வேலை. இருட்டுலகூட புள்ளி வராது. பாத்துக்கினே இருங்க."

கேமராவை மண்டபத்துப் பெரிய டி.வி.யோடு இணைத்துவிட்டான். எடுக்க எடுக்கப் படம் அதில் வந்து நின்றது.

"யம்மா! மல்லிப்பூவுல எறும்பு போறதுகூட தெரியுதுடி!"

"மாமா மூக்குல எத்தினி முடின்னு எண்ணலாம் போலகீது!"

"போன கேமராவுல எல்லாரும் மாவு பூசுன மாதிரி இருப்பாங்க. இதுல ஆளு எதிர்ல நிக்கிற மாதிரியே கீது."

மண்டபமே சிரித்தது.

மாப்பிள்ளையின் அத்தை நிர்மலா, நாற்காலியை டி.வி.க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பகலவா, பொண்ணு கழுத்தாண்ட காட்டு. ஆரம் இன்னா டிசைன்னு பாக்கலாம்."

தாம்பூலம் இன்னும் மாற்றவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஆண்டாள், என் மகளுக்குக் குங்குமம் வைக்கக் குனிந்தார். பகலவன் கிட்டே போய் எடுத்தான். டி.வி.யில் இரண்டு முகம். நடுவில் ஆரம். அதில் ஒரு மாங்காய் வில்லையின் ஓரத்தில் நெயில் பாலிஷ் தோல் மாதிரி உரிந்து நின்றது. அடியில் கறுப்பு.

நிர்மலா மூக்குக் கண்ணாடியைத் தேடிப் பைக்குள் கையை விட்டாள்.

"நிறுத்துடா!"

கத்தியது ஆண்டாள்.

"இன்னா கேமரா இது? என் மூஞ்சில கீற மங்கு, சுருக்கம் அத்தினியும் ஊருக்கே காட்டுது! மொதல்ல டி.வி.ய அணை. தள்ளி நின்னு எடு!"

"அப்புறமா கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடலாம் அத்தை…"

"அதுக்குள்ள எல்லாரும் பாத்துடுவாங்களே. அணைடா!"

"பேரன் எடுக்கிற வயசுல எங்க அண்ணிக்கு அழகு கேக்குது பாருங்க," என்றாள் நிர்மலா.

மறுபடியும் சிரிப்பு. ஆண்டாள் அசையவில்லை. டி.வி. அணைந்தது. தாம்பூலம் மாற்றினோம்.

தப்பித்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பெற்ற மகன் நிச்சயத்திலும் இந்தம்மாவுக்குத் தன் மூஞ்சிதான் பெரிது. இவரிடம் என் மகள் எப்படிக் குப்பை கொட்டப் போகிறாள்?

பந்தி நடக்கும்போது ஆண்டாள் என்னைப் பெண் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். உள்ளே உட்கார்ந்திருந்த கோகிலவாணியின் மாலையை இழுத்து, ஆரம் மறைகிற மாதிரி ஊக்கு குத்தினார்.

"வூட்டுக்குப் போற வரைக்கும் இதக் கழட்டாத கண்ணு. என் நாத்தனா கண்ணு அந்தக் கேமராவுக்கே அப்பன்."

நான் அவர் கையைப் பிடித்தேன். "சம்மந்தி… கல்யாணத்துக்குள்ள எப்படியாவது…"

"நான் இன்னா கேட்டேனா?"

கதவைத் திறக்கப் போனவர், நின்று, குரலைத் தாழ்த்தினார்.

"நெயில் பாலிஷ ரெண்டு வாட்டி அடிக்காதீங்க சம்மந்தி. உரிஞ்சிக்கும். ஒரு வாட்டி லேசா அடிச்சாப் போதும். நான் அப்படித்தான்…"

முடிக்கவில்லை. நான் அவர் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தேன். அவர் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்.

வெளியே பகலவன் கூப்பிட்டான். "ரெண்டு சம்மந்தியும் வாங்க! கிட்டக்க ஒண்ணு எடுத்துடலாம்."

டி.வி. மறுபடி எரிந்துகொண்டிருந்தது. நிர்மலா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆண்டாளுக்கு முன்னால் போய் நான் நின்றுகொண்டேன்.

"அத அணை தம்பி," என்றேன். "என் மூஞ்சியும்தான் நல்லால்ல. தள்ளி நின்னு எடு."