சோதனைப் பை

போக்குவரத்துப் பாதுகாப்புக்கான உளவுப் பிரிவின் அதிகாரி, நின்றிருந்த பேருந்தில் ஒரு சீட்டுக்கு அடியில் தன் கையாலேயே பையை வைத்துவிட்டு இறங்கி, எதிரே ஜீப்பில் வந்து உட்கார்ந்தார். கேட்பாரற்ற பையைப் பார்த்தால் யாராவது கண்டக்டரிடம் சொல்கிறார்களா என்று பார்க்கும் சோதனை அது.

"பாருய்யா, ஒருத்தனும் சொல்ல மாட்டான்," என்றார் ஜீப் டிரைவரிடம். "அவனவன் செல்போனுக்குள்ள தலையை விட்டுட்டு உட்கார்ந்திருப்பான்."

சொல்லி வாய் மூடுவதற்குள் பேருந்திலிருந்து ஒரு பெண் குதித்தாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கத்துக் காலி மைதானத்தை நோக்கித் தலைதெறிக்க ஓடினாள்.

"சார், பையையே அடிச்சிட்டுப் போறா!"

"திருட்டுக் கழுதை! பிடி அவளை!"

மைதானத்தின் நடுவில் பையை வைத்துவிட்டுத் திரும்பியவளின் கையை, மூச்சிரைக்க ஓடிவந்த அதிகாரி முறுக்கிப் பிடித்தார். "அடுத்தவன் பைன்னா அவ்வளவு இளக்காரமா?"

"ஐயோ, கிட்ட நிக்காதீங்க சார்! உள்ள டிக் டிக்னு சத்தம் கேட்குது. அதுக்கு மேல சீட்டுலதான் என் பொண்ணு தூங்கிட்டிருக்கா. கத்தினா எல்லாரும் ஒரே வாசல்ல முண்டி மிதிபட்டுருவாங்கன்னு நானே தூக்கிட்டு ஓடி வந்துட்டேன்."

பைக்குள் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது, அவர் வீட்டு அலாரக் கடிகாரம். நிஜம் மாதிரி இருக்கட்டும் என்று காலையில் சிரித்துக்கொண்டே அவர் செருகியது. முறுக்கிய கையை விடக்கூடத் தோன்றாமல் நின்றார்.

அவள்தான் இன்னொரு கையால் அவரைப் பிடித்துத் தள்ளினாள்.

"மரம் மாதிரி நிக்கிறீங்களே! ஓடுங்க சார், உங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல?"