ராகேல் சேச்சியின் கைராசி

மிளகுக்கொடி நடும் ஆனி மாதத்துத் திருவாதிரை மழை சற்று ஓய்ந்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து ராகேல் சேச்சி முள்முருங்கை மரத்தடியில் குந்தி, சவலையான மிளகுக்கொடியை வாழைநாரால் மரத்தோடு சேர்த்துக் கட்டுகிறாள். இலைகளில் தங்கிய நீர் அவளுடைய நரைத்த வகிட்டில் சொட்டுகிறது. "நாலு வருசமாச்சுடா அவுதா, ஒரு மிளகுச் சரம்கூடப் பிடிக்கல. எனக்குக் கைராசி இல்ல. இந்த வருசம் நீயே நட்டுக் கொடு" என்கிறாள். பக்கத்தில் நிற்கும் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாலு வருசம் முன்பு அவள் நடுவதற்குக் கொடி கேட்டபோது, தரையில் ஓடிய நல்ல கொடிகளை எனக்கென்று ஒதுக்கிக்கொண்டு, உச்சியில் தொங்கியவற்றை அறுத்துக் கொடுத்தேன். அவை தேறாது என்று எனக்குத் தெரியும். "கைராசியால இல்ல சேச்சி, கொடிதான் மோசம். தெரிஞ்சேதான் கொடுத்தேன்." சொல்லும்போதே காது மடல் சுடுகிறது. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், முகமெல்லாம் சிரிப்பு. "போடா, என்னைத் தேத்தறதுக்காகப் பழியை உன் தலையில போட்டுக்காத. உன் நல்ல மனசுக்கே இது காய்க்கும்" என்று சொல்லி, சேறு படிந்த விரல்களால் என் கையைப் பிடித்து அந்தக் கொடியின்மேல் வைக்கிறாள்.