ஓடைக்கு அந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அந்தத் தம்பதி ஏறியதுமே, கண்டக்டர் கேட்காமல் கடைசி நிறுத்தத்துக்கு இரண்டு டிக்கெட் கிழித்தார்.

"வாராவாரம் பஸ்ல இடிபட்டு வரீங்களே, கார்ல வரலாம்ல சார்?"

"கார்ல வந்தா, விட்ட இடத்துக்கே திரும்பி வரணும். நாங்க ஒத்தையடிப் பாதையில ஏறி மலைக்கு எந்தப் பக்கம் இறங்குவோம்னு சொல்ல முடியாது," என்றார் கணவர்.

மனைவி உற்சாகமாக வரைபடத்தை விரித்தாள். "இன்னிக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்துடலாங்க. அங்க நாம போனதே இல்ல."

இறங்கியதும், "கண்ணா! கண்ணா!" என்று மகனைக் கூப்பிட்டபடி அவள் காட்டுப் பாதையில் முன்னால் ஏறினாள்.

பாதை முனையில் நின்ற வனக்காவலர் கணவரைத் தனியே நிறுத்தினார். "சார், இந்தக் காட்டுல நாங்க எடுத்த எலும்பு, காணாமப் போன உங்க பையனோடதுதான்னு ரிப்போர்ட் வந்து ஆறு மாசமாச்சு. அம்மாகிட்ட இன்னுமா சொல்லல?"

"சொல்லிடணும்னுதான் ஒவ்வொரு வாரமும் கிளம்புறேன். ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும்தான் அவ தானா எழுந்து, தலை வாரி, ரெண்டு வாய் சாப்பிடுறா."

மேலிருந்து குரல் வந்தது. "என்னங்க, ஓடி வாங்க! இங்க புதுசா காலடித் தடம் தெரியுது!"

கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினார்.

அது காலையில் ரோந்து போன தன்னுடைய தடம்தான் என்று சொல்ல வனக்காவலருக்கும் வாய் வரவில்லை.