இறுதி முடிவு மனிதருடையது

"மனுஷனை மனுஷன்தான் பாக்கணும்! நம்ம மூஞ்சியப் பாத்து 'உனக்கு வேலை இல்லை, போ'ன்னு சொல்றதுக்கு மெஷின் யாருங்க?"

மேஸ்திரி புருஷோத்தமன் முழங்கி முடித்ததும் மரக்காணம் சமுதாயக்கூடம் கைதட்டலில் அதிர்ந்தது.

செயற்கை நுண்ணறிவைக் கட்டுப்படுத்த மாநில அரசு கொண்டுவரவிருக்கும் விதிகளைப் பற்றி, உப்பளத் தொழிலாளர்களிடம் கருத்துக் கேட்கச் சென்னையிலிருந்து அதிகாரி ஷமா வந்திருந்தார்.

உப்பளத்தில் இப்போது வருகைப் பதிவு, முகம் பார்க்கும் இயந்திரத்தின் வசம். வெயிலில் கறுத்து, உப்புக்காற்றில் வெடித்த முகங்களை அது அடிக்கடி அடையாளம் காண மறுத்தது. மறுத்தால் அன்று வேலை கிடையாது. இயந்திரம் வருமுன், வாசலில் நின்று ஆள் பார்த்துப் பெயர் எழுதியவர் புருஷோத்தமன்தான்.

ஷமா வரைவு விதியை வாசித்தார்.

"இயந்திரம் மறுத்தால், மேஸ்திரியே நேரில் பார்த்து இறுதி முடிவை எடுக்க வேண்டும். எல்லாருக்கும் சம்மதம்தானே?"

"சம்மதம்!"

"எனக்குச் சம்மதம் இல்லீங்க."

பெண்கள் வரிசையிலிருந்து ரேணுகா எழுந்து நின்றாள். கூடம் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"ஏண்டி, போன வாரம் மெஷின் தொரத்திவுட்டு, அழுதுகினே வூட்டுக்குப் போனது நீதானே?" என்றாள் பக்கத்திலிருந்த ஞானாம்பாள்.

"நான்தாங்க்கா."

"அப்புறம் எதுக்குடி அதுக்கு வக்காலத்து வாங்குற? முதலாளி வூட்டுல பிரியாணி போட்டாங்களா?"

சிரிப்பு எழுந்தது. "வெலை போயிட்டா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

புருஷோத்தமன் பெருந்தன்மையாகக் கையமர்த்தினார்.

"உடுங்கப்பா, வெவரம் தெரியாத பொண்ணு. இந்தாம்மா ரேணுகா, மெஷினுக்கு ஈவு இரக்கம் இருக்குதா? வாசல்ல நான் நின்னா உன்னை வெளிய நிறுத்துவனா?"

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

ஷமாவுக்குப் பொறுமை போயிற்று. "உங்களையே திருப்பி அனுப்பின மெஷினம்மா அது! அது போதும்னா சொல்றீங்க?"

"போதும்னு சொல்லலீங்க மேடம். அதைச் சரி பண்ணச் சொல்லுங்க. ஆள்தான் பாக்கணும்னா எங்கள்ல ரெண்டு பொம்பளைங்களை நிறுத்துங்க. மறுபடியும் மேஸ்திரி கையில மட்டும் குடுத்துடாதீங்க. தை மாசத்துலேர்ந்து எம் பொண்ணும் வேலைக்கு வர்றா. பத்தொம்பது வயசு."

"பொண்ணு வேலைக்கு வர்றதுக்கும் இந்த விதிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் ஷமா.

ஞானாம்பாளின் சிரிப்பு அப்படியே நின்றது. அவளுக்குப் பின்னால் இருந்த பெண்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ரேணுகா, உக்காரும்மா," என்றார் புருஷோத்தமன். இம்முறை குரலில் பெருந்தன்மை இல்லை.

ரேணுகா உட்காரவில்லை.

"மெஷினுக்கு மூஞ்சியை மட்டும் காட்டினாப் போதும், மேடம்."