இடக்கை

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க சார், நிறுத்திடறேன்" என்று பல் மருத்துவர் கூறியிருந்தார். ரூட் கெனால் சிகிச்சையின்போது மூன்று முறை பணிவுடன் தூக்கினேன். "இதோ, அவ்ளோதான்" என்றாரே தவிர, அவர் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து அந்தக் கடைவாய்ப்பல்லில் வலி தெறிக்கும்போதெல்லாம் என் இடக்கை தானாகவே எழுந்துவிடுகிறது. சாலையில் நடந்தால் பேருந்துகள் எனக்காக நிற்கின்றன. "ஏறாதவன் எதுக்குய்யா கை காட்டுற?" என்று நடத்துநர்கள் திட்டுகிறார்கள். நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பள்ளியின் ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை, "நாளையிலேர்ந்து ஒரு வாரம், ஊட்டி கேம்ப்புக்குப் பசங்களோட யார் போறீங்க?" என்று கேட்ட கணத்தில் வலி தெறித்தது. கை எழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். "ஸ்வெட்டர் இருக்கா தணிகாசலம் சார்?" என்று கணக்கு ஆசிரியர் எபனேசர் என் காதருகே சிரித்தார். நாளை மறுநாள்தான் அந்தப் பல்லுக்கு கேப் போடுவதாக இருந்தது. அதை நம்பித்தான் பத்து நாட்களாகக் கஞ்சி குடித்து வந்தேன். என் பெயரை எழுதிவிட்டுத் தலைமையாசிரியை நிமிர்ந்தார். "யாருக்காவது ஆட்சேபணை இருந்தா கையைத் தூக்குங்க."

இடக்கையை மடியில் தயாராக வைத்துக்கொண்டு, நான் வலிக்காகக் காத்திருந்தேன். பத்து நாட்களில் முதன்முறையாகப் பல் அமைதியாக இருந்தது.