மருமகன் பழித்த போன்

ஃபிஜித் தீவின் லவுட்டோக்கா நகரில், கடைக்காரர் மேஜைமேல் இரண்டு போன்களை வைத்தார். ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். இந்த வருடம் வந்ததில் உசத்தியானவை. இரண்டும் ஒரே விலை. சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கும் வைசாக்கே, அக்காள் மகன் பெனியைப் பார்த்தார்.

"நீ சொல்லுடா, எது நல்லாருக்கு?"

"கறுப்புதான் மாமா. நீலத்துல கேமரா சுத்த மோசம். சும்மா குடுத்தாலும் தொடமாட்டேன்."

"நிஜமாவா?"

"சர்ச்சுல வந்து சொல்லவா?"

வைசாக்கேக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அக்காள் மகன் வாய்விட்டுக் கேட்டால் தாய்மாமன் இல்லையென்று சொல்லக்கூடாது. ஃபிஜியில் அதுதான் முறை. போன இரண்டு போன்களும் அப்படித்தான் கைமாறின. ஆக்லாந்தில் பிறந்த பேத்தியின் முகத்தை அவர் போனில்கூட இன்னும் பார்க்கவில்லை. இவனுக்குப் பிடிக்காததை வாங்கினால் தப்பிக்கலாம் என்றுதான் இவனையே கூட்டி வந்திருந்தார்.

நீலத்தை வாங்கினார்.

வாசலைத் தாண்டியதும் பெனி முன்னால் வந்து குனிந்து, கைகளைக் குவித்து மூன்று முறை தட்டினான். முறைப்படி கேட்பவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள்.

"மாமா, அந்த நீலத்தைக் குடுங்க."

"சும்மா குடுத்தாலும் தொடமாட்டேன்னியேடா!" என்றார் வைசாக்கே, பெட்டியை நீட்டியபடியே.

"ஆசையா இருக்குன்னு சொல்லியிருந்தா, நீங்க வாங்கியிருப்பீங்களா மாமா?"