இருநூறு கிராம்

"இன்னும் ரெண்டு முட்டை வைங்க."

கேன்டீன்காரர் வைத்தார். அதோடு சேர்த்து நாலு. தட்டில் ஏற்கெனவே மலை மாதிரி சோறு. காலை ஒன்பது மணிக்கு ஒரு மனுஷன் இப்படிச் சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்திருந்த ஹெட் கிளார்க்கால் பார்க்கச் சகிக்கவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய தங்கை புருஷன். வீடுகளுக்கு பெயின்ட் அடிக்கிறவர். தங்கை மேலே இரண்டாவது மாடியில் படுத்திருக்கிறாள். மதியம் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன். அவள் ரத்தத்தில் பிளேட்லெட் என்கிற தட்டணு குறைந்துபோயிருந்தது. ஒத்த குரூப்காரர் யாராவது வந்து கொடுத்து, அதை ஏற்றினால்தான் கத்தி வைப்பேன்; தள்ளிப்போனால் பிறகு என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஆள் பார்த்தாச்சு. பத்து மணிக்கு வந்துடுவார்" என்று பெயின்டர் சொல்லியிருந்தார்.

ஹெட் கிளார்க் தன் பங்குக்கு நேற்றுக் காலையிலிருந்து விரதம். பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. இதை வார்டு நர்சுகளிடமும், லிஃப்ட்காரரிடமும், பக்கத்துப் படுக்கைக்காரியின் மாமியாரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டிருந்தார்.

"மாப்ளே, தொண்டையில எப்படி இறங்குது உங்களுக்கு?"

"தண்ணி குடிச்சா இறங்குது மச்சான்."

"ஒரு மாசமா நானும் பார்க்கறேன். அவ எலும்பும் தோலுமா ஆயிட்டா. உங்களுக்குக் கன்னம் உப்பிக்கிட்டே வருது."

"நிஜமாவா மச்சான்?" பெயின்டர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஹெட் கிளார்க்குக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கட்டின பொண்டாட்டிக்காக, சாமி மேல நம்பிக்கை வச்சு ஒரு வேளை வாயைக் கட்டக் கூடாதா?"

"நம்பிக்கை இருக்கு மச்சான். அவ நல்லபடியா வீட்டுக்கு வந்துடுவா."

"அதுக்காக அவ சாப்பாட்டையும் சேர்த்து நீங்களே சாப்பிட்டுடறதா?"

பெயின்டர் மாத்திரை விழுங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு அடுத்த முட்டையை விழுங்கினார். விக்கியது.

"விக்கல் வர்ற அளவுக்கா!" ஹெட் கிளார்க் எழுந்துவிட்டார். "உங்க ஆளை நம்பி என் தங்கச்சியை விட முடியாது. எனக்கும் அதே குரூப்தான். நானே போய்க் கொடுக்கறேன். நீங்க நிதானமா மென்னு சாப்பிட்டு வாங்க."

எழுந்த வேகத்தில் தலை சுற்றியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். விரதம் உடம்பில் பிடித்துவிட்டது என்று பெருமையாக இருந்தது.

ரத்த வங்கி அடுத்த கட்டடத்தில். மேஜைக்குப் பின்னால் நர்ஸ் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு முதல் கேள்வியாக அதையே கேட்டார்.

"சாப்பிட்டீங்களா சார்?"

பரிசு வாங்க மேடையேறியவர் போல ஹெட் கிளார்க் நிமிர்ந்தார். "நேத்துல இருந்து ஒரு வாய் தண்ணிகூட இல்லம்மா. விரதம்."

நர்ஸ் பேனாவை மூடினார். "அப்போ ஓரமா உட்காருங்க. வெறும் வயித்துல வர்றவங்ககிட்ட எடுக்க மாட்டோம். விட்டா உங்களுக்கே குளுக்கோஸ் ஏத்தணும் போலிருக்கு."

"நான் கூடப் பொறந்தவன்மா!"

"இருக்கட்டும் சார். கூடப் பொறந்தவங்களும் மயங்கித்தான் விழுவாங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டு விரதம் இருந்திருக்கலாம்ல?"

அப்போது பெயின்டர் வந்தார். நிறைகுடத்தைத் தூக்கி வருகிறவர் மாதிரி அடிமேல் அடி வைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

நர்சின் முகம் மலர்ந்தது. "வாங்க வாங்க. மெஷின்ல ஏறுங்க. செருப்பைக் கழட்டிட்டு."

"செருப்போடவே ஏறக் கூடாதா சிஸ்டர்?"

"அந்த வேலையெல்லாம் என்கிட்ட வேணாம். பையில என்ன? சாவிக்கொத்தா? எடுத்து மேஜை மேல வைங்க."

பெயின்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றார். முள் ஆடி ஆடி ஒரு வழியாக நின்றது.

"ஐம்பதே கால்!" நர்ஸ் கை தட்டினார். பிறகு ஹெட் கிளார்க் பக்கம் திரும்பினார். "ஐம்பது கிலோ இல்லாம தட்டணு எடுக்கக் கூடாது சார். போன மாசம் வந்தப்போ இவர் நாற்பத்தாறு. திருப்பி அனுப்பிட்டோம். நேத்து வந்தார். மத்த டெஸ்ட் எல்லாம் சரியா இருந்துச்சு, எடையில மட்டும் இருநூறு கிராம் குறைஞ்சுது. இந்தப் பெஞ்சுல உட்கார்ந்து அழுதுட்டார் மனுஷன்."

பெயின்டர் சட்டைக் கையை மடித்தபடியே கட்டிலில் படுத்துக்கொண்டார். "மச்சான், அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா, கொடுக்க விடமாட்டா."

ஹெட் கிளார்க் படியிறங்கி, நேரே கேன்டீனுக்குப் போய் ஒரு முழுச் சாப்பாடு சொன்னார்.

இரண்டு வாய் உள்ளே போயிருக்கும். ஊரிலிருந்து பெரியக்காவின் போன்.

"என்னடா, தட்டணு கிடைச்சுதா? ஆபரேஷன் உண்டா?"

வாயில் இருந்த சோற்றை அவசரமாக விழுங்கினார்.

"கிடைச்சுடுச்சுக்கா. எல்லாம் நான் இருந்த விரதம்தான்."